மனித ஊனும் மனித நாகரிகமும்

நாகரிகம் என்னும் சொல்லை நாம் நாள்தோறும் எளிதாக வழங்குகின்றோம். உடுப்பிலும், பேச்சிலும், உண்ணும் முறையிலும் ஒருவரை நாகரிகர் என்றும், மற்றொருவரை அநாகரிகர் என்றும் பிரித்துவிடுகின்றோம். பிரிக்கும் அளவுகோல் யாது, அதனை நம் கையில் கொடுத்தவர் யார் என்று ஆராய்வதில்லை. அவ்வளவுகோலின் கடைக்கோடியில் எல்லா நாட்டினரும் ஒருமனதாக நிறுத்தியிருப்பவன் மனிதனை உண்ணும் மனிதன். அவனினும் தாழ்ந்தவன் இல்லையென்பது உலகத்தார் துணிபு. ஆதலின், அவனைப்பற்றி உலகம் சொல்லியவற்றை எடுத்து நோக்கின், உலகம் தன்னைப்பற்றி எண்ணிக்கொண்டது யாதென்பதும் ஒருவாறு விளங்கும். அதனை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். நாகரிகம் என்பது நகரம் என்பதன் வழிவந்த சொல். ஆங்கிலத்தில் அதற்கு நேராக வழங்கும் சிவிலிசேஷன் என்னும் சொல்லும் நகரத்துக் குடிமகனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்ததே. இரண்டும் நகரத்தார் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர்கள். காட்டில் வாழ்வோனை அழைத்து அவன் கருத்தை எவரும் வினவினாரிலர். ஆயின், திருவள்ளுவர் இச்சொல்லை ஆண்ட இடம் நம் கருத்தை ஈர்க்கின்றது. அது கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள். பழகிய நண்பர் தருவது நஞ்சென்று அறிந்தும் அவர் முகம் வாட மறுத்துரையாதவரே நாகரிகத்தை வேண்டுவோர் என்பது அதன் கருத்து. உண்ணும் பொருள் யாதென்பதை விடுத்து, ஊட்டுவோன்பால் கொள்ளும் நெஞ்சினையே பெருநாவலர் நாகரிகமாகக் கொண்டனர். இக்கருத்தினை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

மனிதர் மனிதரை உண்டனர் என்னும் செய்திகளைத் தொகுத்து நோக்குமிடத்து, அவை மூன்று வகையுள் அடங்கக் காண்கின்றோம். பசி தாங்காது உண்டது ஒன்று. வழக்கம் பற்றி உண்டது ஒன்று. உண்டதாகப் பிறர் கூறியது மற்றொன்று. இம்மூன்றையும் வேறுபிரித்து அறியாமையே இப்பொருள் பற்றிய மயக்கத்துக்குப் பெருங்காரணம்.

முதல் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1884ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள சிட்னி நகரை நோக்கிச் சென்ற மிக்னோனெட் என்னும் சிறு பாய்க்கப்பல் அட்லாண்டிக் கடலில் அமிழ்ந்தது. நால்வர் ஒரு படகில் ஏறித் தப்பினர். நன்னீரும் போதிய உணவும் இன்றி ஏறத்தாழ 20 நாள் அலைந்த பின்னர், தலைவனாகிய டட்லியும் துணைவனாகிய ஸ்டீபன்ஸும் சேர்ந்து, நோயுற்றுக் கிடந்த 17 வயது இளைஞனாகிய பார்க்கரைக் கொன்றனர். எஞ்சிய மூவரும் அவனுடலை உண்டு உயிர் பிழைத்தனர். கரையேறியதும் நடந்ததை அவர்களே ஒளியாது உரைத்தனர். கடலோடிகளிடையே அஃது ஒரு பழைய வழக்காகக் கருதப்பட்டது. பொதுமக்களும் அவர்கள்பால் இரங்கினர். நீதிமன்றமோ, தன்னுயிர் காக்கும் பொருட்டும் குற்றமற்ற பிறிதோர் உயிரைக் கொல்லுதல் கொலையே என்று தீர்த்து மரண தண்டனை விதித்தது. பின்னர் அது 6 மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. இச்செயல் கொண்டு ஆங்கிலேயரை நரமாமிசம் உண்ணும் இனத்தார் என்று எவரும் எழுதவில்லை. நால்வருக்கு நேர்ந்த துன்பம் நால்வரின் துன்பமாகவே எண்ணப்பட்டது. இதுவே தொலைவிலுள்ள ஒரு தீவின் குடிகளிடையே நிகழ்ந்திருப்பின், அத்தீவினர் அனைவர்மேலும் அப்பெயர் ஏறியிருக்கும்.

இரண்டாம் வகை வழக்கம் பற்றியது. புதுக்கினித் தீவின் கீழை மலைநாட்டில் வாழும் போரே என்னும் மக்கள், இறந்த தம் சுற்றத்தாரின் உடலைத் துக்கச் சடங்கின் பகுதியாக உண்டு வந்தனர். பகைவனைத் தின்னும் வெறி அன்று அது. அன்புடையாரைப் புழுவுக்கு விடாமல் தம்முள்ளேயே வைத்துக்கொள்ளும் விருப்பமாக அவர்கள் அதனைக் கருதினர். அவ்வழக்கத்தின் வழியே குரு என்னும் கொடிய மூளைநோய் பரவிப் பெண்டிரையும் குழந்தைகளையுமே மிகுதியும் மாய்த்தது. அந்நோயை ஆராய்ந்த காஜ்டுசெக் என்னும் அறிஞர் 1976ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். அவ்வழக்கம் இன்று ஒழிந்துவிட்டது. அன்பினாற் செய்யப்பட்டது என்பதனால் அதன் தீங்கு குறைந்துவிடவில்லை. தீங்கு விளைத்தது என்பதனால் அம்மக்களின் அன்பும் பொய்யாகிவிடவில்லை.

இவ்வேறுபாட்டைக் கிரேக்க வரலாற்றாசிரியராகிய எரோடோட்டஸ் பண்டே உணர்ந்திருந்தனர். பாரசீக வேந்தனாகிய தாரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கரை நோக்கி, எவ்வளவு பொருள் கொடுத்தால் இறந்த தந்தையரின் உடலை உண்பீர் என்று வினவினன். எதற்கும் இசையோம் என்றனர் அவர். பின்னர், பெற்றோர் உடலை உண்ணும் வழக்கமுடைய கல்லாத்தியர் என்னும் கூட்டத்தாரை அழைத்து, எவ்வளவு பொருள் கொடுத்தால் அவ்வுடலைத் தீயில் எரிப்பீர் என்று வினவினன். அவர்கள் அச்சொல்லைக் கேட்கவும் பொறாது அலறினர். வழக்கமே எல்லார்க்கும் அரசு என்பது அவ்வாசிரியர் கண்ட முடிவு. இதில் நம்மவர்க்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. அக்கல்லாத்தியரை அவர் இந்தியர் என்றே குறிக்கின்றனர். மேனாட்டார் கண்ணுக்கு ஒரு காலத்தில் நாமே ஊனுண்போராகத் தோன்றினோம்!

மேனாட்டில்தானும் மனித உடல் உணவாகாதிருந்தும் மருந்தாகியது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் எகிப்து நாட்டுப் பிணங்களின் பொடி விற்கப்பட்டது. இங்கிலாந்து மன்னனாகிய இரண்டாம் சார்லஸ் மனித மண்டையோட்டிலிருந்து வடித்த துளிமருந்தைப் பயன்படுத்தினன். அம்மருந்தை வாங்கியோர் தம்மை ஊனுண்போராக எண்ணினாரிலர். சீசாவில் அடைத்துச் சீட்டு ஒட்டியவுடன் ஊன் ஔடதம் ஆயிற்று.

மூன்றாம் வகையாகிய பிறர் கூற்றே எல்லாவற்றினும் ஆராய்ச்சிக்கு உரியது. கிறிஸ்து சமயத்தின் முதல் நூற்றாண்டுகளில், அப்பமும் திராட்சரசமும் கொண்டு நடத்திய திருவிருந்தை உரோமர் பிழைபட உணர்ந்து, கிறிஸ்தவர்கள் இரகசியமாக மனித ஊன் உண்கின்றனர் என்று பழி தூற்றினர். 177ஆம் ஆண்டில் லியோன் நகரத்துக் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்டபோது அப்பழியும் அவர்கள்மேற் சுமத்தப்பட்டது. நூற்றாண்டுகள் பல கழிந்தன. பழி சுமந்தவரின் வழிவந்தோர் கையில் அதிகாரம் வந்தது. 1492ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்த கொலம்பஸ், ஆங்குள்ள ஒரு கூட்டத்தார் மனிதரை உண்பர் என்று அயற்கூட்டத்தார் வாயிலாகக் கேள்வியுற்றனர். அக்கூட்டத்தாருடைய பெயரின் திரிபே இன்று ஐரோப்பிய மொழிகளில் ஊனுண்போரைக் குறிக்கும் சொல்லாக வழங்குகின்றது. 1503ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அரசி இசபெல்லா, அத்தகையோரைப் பிடித்து அடிமைகளாக விற்கலாம் என்று ஆணை பிறப்பித்தனள். ஆணை பிறந்தபின், அடிமை தேடிச் சென்றோர்க்குத் தீவுதோறும் ஊனுண்போர் காணப்பட்டனர் என்று சொல்லவும் வேண்டுமோ! ஊன் உண்ட குற்றத்துக்குச் சான்று வேண்டப்படவில்லை, விலை கூறப்பட்டது.

நம் கடலிலும் இந்நிலை நேர்ந்தது. அந்தமான் தீவினர் நாய்முகம் உடையவர் என்றும், அகப்பட்ட அயலாரைத் தின்பவர் என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கூறினர். பல நூற்றாண்டுகள் மாலுமிகள் அதனை நம்பினர். ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியேற்றத்தை நிறுவினர். அத்தீவினரோடு நெடுங்காலம் பழகிய மேன் என்னும் அதிகாரி, ஊனுண்ணும் வழக்கத்தின் சுவடே அவர்களிடம் இல்லையென்று எழுதினர். ஆயினும், குடியேற்றம் கொண்டுவந்த நோய்கள் தம் வேலையைச் செய்தன. 1877ஆம் ஆண்டில் பரவிய தட்டம்மை அவர்களைக் கொத்துக்கொத்தாக மாய்த்தது. ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தனர். அத்தீவில் யாரை யார் உண்டனர் என்பதை அவ்வெண்ணே கூறும்.

இனி, நம் தமிழ் நூல்கள் இதுபற்றி யாது கூறுகின்றன என்று காண்போம். மணிமேகலையில் ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாதுவன் வரலாறு வருகின்றது. பொருளைக் கணிகைபால் இழந்த சாதுவன் வணிகரோடு மரக்கலம் ஏறினன். கலம் உடைந்தது. பாய்மரத்தைப் பற்றி நீந்தி, ஆடையற்ற நாகர் வாழும் மலையை அடைந்து, ஒரு மரத்தடியில் அயர்ந்து உறங்கினன். தனியனாய்க் கிடந்த அவனைக் கண்ட நாகர், நமக்கு நல்ல உணவு கிடைத்தது என்று மகிழ்ந்து எழுப்பினர். சாதுவன் அவர்கள் மொழியை அறிந்திருந்தான், அம்மொழியிலேயே பேசினன். உண்ண வந்தவர் உடனே பணிந்து, தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். கண்டவுடன் உணவு, பேசியவுடன் விருந்தினன்! ஒரு மனிதன் ஊனாவதும் உறவாவதும் ஒரு மொழியின் அளவிலேயே இருக்கின்றது என்பதைச் சாத்தனார் இதனினும் சுருங்கக் காட்டுதல் அரிது.

தலைவன் தன் முறைப்படி கள்ளும் ஊனும் ஓர் இளநங்கையும் கொடுத்து விருந்து செய்ய முற்பட்டான். சாதுவன் மறுத்தான். பெண்டிரும் உண்டியும் இன்றேல் வாழ்வின் பயன் யாது என்று தலைவன் சினந்தான். சாதுவன் பிறப்பிறப்பையும் வினைப்பயனையும் எடுத்துரைத்தான். தலைவன் முதலில் நகைத்தான், பின்னர்க் கேட்டான், முடிவில், எம்மால் கள்ளையும் ஊனையும் விட இயலாது, எமக்கு ஏற்ற அறத்தைக் கூறுக என்று வேண்டினன். ஈண்டுச் சாதுவன் கூறிய விடை பெரிதும் போற்றத்தக்கது. முழுத்துறவை அவன் அவர்கள்மேல் ஏற்றவில்லை. கலமுடைந்து கரை சேர்வோரின் உயிரைக் காமின், மூத்து இறக்கும் விலங்கை அன்றிப் பிற உயிரைக் கொல்லாதீர் என்ற அளவோடு நிறுத்தினன். தலைவன் உடன்பட்டான். அதுவரை தாம் உண்ட வணிகரின் நறுமண மரங்களையும், மெல்லிய ஆடைகளையும், பெருநிதியையும் சாதுவனுக்கே கொடுத்து அனுப்பினன். ஆடையற்றவர் கையில் ஆடைக்குவியல் பயனின்றிக் கிடந்தது. பட்டு நெய்யும் காஞ்சியின் கண்கொண்டு நோக்கின் இதுவும் சிந்தனைக்குரியது. உடுத்தல் நாகரிகமாயின், நெய்தவனையே இழிவாக நடத்தி அவன் நெய்ததை உடுத்துவோன் எவ்வகையினன்?

நாகரை இவ்வாறு பாடிய காப்பியம் முடிவெய்துவது காஞ்சியில். மணிமேகலை அமுதசுரபியொடு அந்நகரடைந்து, பசியால் வாடியோர்க்கெல்லாம் சமயமும் குலமும் வினவாது சோறளித்தனள். அக்காஞ்சிக்குத் தென்கிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். ஆங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. அம்மன்னன் 1063 முதல் 1070 வரை ஆண்டவன். கோயிலைச் சார்ந்து அக்காலத்தில் கல்விச்சாலையும், மாணாக்கர் உண்டுறையும் விடுதியும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையும் இருந்தன. நோயாளர்க்கு 15 கிடக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுத்து ஆற்றும் சல்லியக்கிரியை செய்வார் ஒருவர், மூலிகை கொணர்ந்து மருந்தடுவார் இருவர், நோயாளர்க்குப் பணிசெய்யும் மகளிர் இருவர், நாவிதர் ஒருவர். இவர்களுக்குரிய நெல்லும் காசும் அளவிட்டுக் கூறப்படுகின்றன. தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம், மண்டூர வடகம் முதலாக ஏறத்தாழ 20 மருந்துகள் சேமித்து வைக்கப்பட்டன. நோயாளர்க்கு இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் ஒதுக்கப்பட்டது. தொள்ளாயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட இச்சான்றினைப் படிக்கும் தமிழர் எவரும் நம் முன்னோர் நாகரிகர் என்று தலைநிமிர்வர். நிமிர்தல் தக்கதே.

ஆயினும் அதனோடு நிறுத்திவிடின் நாமும் கொலம்பஸின் வழியிலேயே நின்றவராவோம். அதே வீரராசேந்திரனுடைய மெய்க்கீர்த்தி வேறொன்றையும் பெருமையாகக் கூறுகின்றது. சாளுக்கியர் பக்கத்துச் சாமுண்டராசனுடைய தலையை அறுத்ததோடு, அவன் ஒரே மகளும் இருகையன் தேவியுமாகிய நாகலை என்பாளின் மூக்கையும் அரிந்தான் என்பதே அது. அவள் போர்க்களத்தில் வாளேந்தியவள் அல்லள். பகைவனுடைய மகளாயிருந்தது ஒன்றே அவள் செய்த குற்றம். இதனைப் பாடினோர் நாணினாரிலர். மயில்போன்ற அழகுடையாள் என்று அடைகொடுத்தே பாடினர். நோயாளர்க்கு இரவில் விளக்கேற்றிய அரசும், ஒரு பெண்ணின் மூக்கை அரிந்த அரசும் ஒன்றே. நாகர் மலையில் இச்செயல் நிகழ்ந்திருப்பின் நாம் அதனை யாதென்று அழைத்திருப்போம்?

பின்வந்த முதற் குலோத்துங்கன் பாலாற்றங்கரையில் வேட்டை மேற்கொண்டு காஞ்சியில் தங்கியிருந்தபோதே கலிங்கத்தின்மேற் படை ஏவினன் என்று செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி கூறும். போர் முடிந்தபின் களத்திற் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. விழுந்த பற்கள் அரிசியாகின்றன. கூழ் வார்க்குமிடத்தும் ஆசாரம் தவறவில்லை. உயிர்க்கொலை மறுத்து நாளொன்றுக்கு ஒருமுறையே உண்ணும் சமணப் பேய்க்கு மயிர் இன்றி வடிகட்டிக் கொடுக்கவேண்டுமாம்! புலவரின் நகைச்சுவையைக் கண்டு நாம் சிரிக்கின்றோம். சிரித்தபின் ஒன்று தோன்றுகின்றது. அக்களத்தில் மனிதரைக் கொன்றது மன்னன் படை. உண்டது மட்டும் பேய். கொலைக்குப் புகழ் வைத்தோம்; ஊனுக்கு இழிவு வைத்தோம். இறந்தவனுக்கு இவ்விரண்டுள் எது கொடிது என்று கேட்பாரில்லை.

எனவே, ஒரு சமுதாயம் நாகரிகத்தின் எல்லையை வகுக்குமிடத்து, தன்னிடம் இல்லாத குற்றத்தையே எல்லைக்கல்லாக நடுகின்றது. தன்னிடம் உள்ள குற்றத்திற்கு வீரம், தண்டம், வாணிகம், ஆசாரம் என்று வேறு பெயர் இடுகின்றது. இஃது அரசர்க்கும் மேனாட்டார்க்கும் மட்டும் உரிய இயல்பன்று. முதல் இராசராசனுடைய தஞ்சைக் கல்வெட்டுகளிலேயே தீண்டாச்சேரி என்னும் பெயர் காணப்படுகின்றது. பின்வந்த நூற்றாண்டுகளில், இறந்த மாட்டின் ஊனை உண்போர் என்று கூறியே ஒரு பெருங்கூட்டத்தாரைக் கிணற்றுக்கும் கோயிலுக்கும் தெருவுக்கும் புறம்பாக்கினர். வேறு உணவு கிடைக்கும் நிலம் அவர்கட்கு விடப்பட்டதா என்று வினவினார் சிலரே. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை மனம் இன்னும் முற்றிலும் ஒழிக்கவில்லை. வாடகைக்கு வீடு தேடிச் செல்வோனிடம், நீ நேர்மையாளனா என்று கேட்பதற்கு முன்னரே, நீ என்ன சாப்பிடுவாய் என்று கேட்கும் வாயில்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு.

இவ்வாறு கூறுதலால், எல்லா வழக்கங்களும் ஒன்றே, எதனையும் பழித்தல் ஆகாது என்பது எம் கருத்தன்று. மனிதனைக் கொன்று உண்டல் தீது. நாகர் தலைவனே இறுதியில் அதனை உணர்ந்தான். நாம் வேண்டுவது, அளவுகோல் எல்லார்க்கும் ஒன்றாயிருத்தல் வேண்டும் என்பதே. தன் கையில் அகப்பட்ட எளியவனை ஒருவன் யாது செய்கின்றான்? கரையேறிய அயலானை, நோயுற்ற வறியவனை, தோற்ற பகைவனின் மகளை, பசித்து வந்தவனை யாது செய்கின்றான்? இவ்வினாவால் அளந்தால், சாதுவனைக் காத்து அனுப்பிய ஆடையற்ற நாகன் ஒருநாளில் உயர்வான். மூக்கரிந்த மன்னன் தாழ்வான். அவனே 15 கிடக்கைகள் இட்ட இடத்தில் மீண்டும் உயர்வான். நாகரிகம் என்பது ஓர் இனத்துக்கோ நகரத்துக்கோ பட்டயமாக எழுதிக்கொடுக்கப்பட்ட உடைமை அன்று. ஒவ்வொரு செயலிலும் புதிதாக ஈட்டவேண்டிய பொருள்.

கல்லூரியிற் பயிலும் நமக்கு இதனால் ஒரு கடமை ஏற்படுகின்றது. சாதுவனைக் காத்தது அவன் வலிமையன்று, செல்வமன்று. அயலாருடைய மொழியை அவன் முன்னரே கற்றிருந்தமை. பிறருடைய வழக்கத்தைப் பழிக்குமுன் அவருடைய மொழியில் அவரைக் கேட்டறிதலே கற்றோர்க்கு அழகு. உடனுண்ணும் பந்தியில் ஒருவன் இலையை நோக்கி மற்றொருவன் முகஞ்சுளிக்கும் வழக்கத்தை நம் தலைமுறையிலேனும் விடுவோமாக.